மாவட்டப் பக்கத்துல வர்ற ரெண்டு பத்தி

தேர்தல் நேரமோ இல்லையோ, நம்ம நியூஸ் ஒரே மாதிரிதான் ஓடிக்கிட்டு இருக்கு. யாருக்கு யாரோட கூட்டணி, யாருக்கு எத்தனை சீட்டு, நேத்து வரைக்கும் அந்தக் கட்சியில இருந்தவரு இன்னைக்கு இந்தக் கட்சியில, அவர் இவரை என்ன சொன்னாரு, அதுக்கு இவரு என்ன பதிலடி குடுத்தாரு. காலைல ஃபோனை எடுத்தா நைட்டு டிவியில நடந்த சண்டையோட துண்டு வீடியோ வாட்ஸ்அப்ல வந்து கிடக்கும். நடுவுல ஒரு சாதிக் கொலை, ஒரு கோர்ட்டு தீர்ப்பு, ஒரு மசோதா, எதுலயும் ஒரு நாள் கூட நிக்க விடாம அடுத்தது வந்துரும். இதையெல்லாம் பார்த்துட்டு படுத்தா மனசுல ஒரு பாரம், இங்க ஒன்னும் மாறப் போறதில்லைங்கிற மாதிரி ஒரு சோர்வு. என் வயசுல இருக்கிற நிறைய பேருக்கு இது இருக்கு, ஆபீஸ்ல சாப்பாட்டு நேரத்துல அரசியல் பேச்சை எடுத்தாலே "விடுப்பா, எல்லாரும் ஒன்னுதான்"னு முடிச்சிருவாங்க.

"அப்ப நியூஸே பார்க்காத, மனசு நல்லாயிருக்கும்"னு சொல்றவங்களும் உண்டு. எனக்கு அது ஒத்து வரல. நியூஸ் பார்க்காம நிம்மதியா இருக்க முடியிறது கொஞ்சம் வசதியா இருக்கிறவங்களுக்குத்தான். 100 நாள் வேலைக்குப் போயிட்டு சம்பளம் எப்ப ஏறும்னு பேங்க் புக்கைத் தூக்கிக்கிட்டு அலையிற எங்க ஊர் பொம்பளைங்களுக்கு, 2025 ஜனவரியில அந்தத் திட்டத்துல தமிழ்நாட்டுக்கு 1,056 கோடி ரூபா சம்பள பாக்கி நிக்குதுன்னு முதல்வர் பிரதமருக்கு லெட்டர் எழுதின செய்தி அரசியல் செய்தி கிடையாது, அது அவங்க வீட்டு அரிசி. அதனால கண்ணை மூடிக்கிறது எனக்கு ஒரு வழியா தெரியல.

அதே மாதிரி "பாசிட்டிவ் நியூஸ்"னு தனியா ஃபார்வேர்டு பண்ற சமாச்சாரமும் எனக்கு ரொம்ப நாள் நிக்கல. ஆட்டோக்காரர் பர்ஸை திருப்பிக் குடுத்தாரு, போலீஸ்காரர் பாட்டியை ரோடு தாண்டி விட்டாரு. நல்ல மனுசங்கதான், மனசு இளகும், ஆனா அரை மணி நேரத்துல மறந்துரும், ஏன்னா அதைப் படிச்சுட்டு இந்த நாடு எப்படி ஓடுதுங்கிறதைப் பத்தி எனக்குப் புதுசா ஒன்னும் தெரிய வராது.

எனக்கு ஒத்து வந்தது வேற ஒன்னு. பேப்பர்ல உள்ள தள்ளி மாவட்டச் செய்தினு ஒரு பக்கம் வரும், அங்க ரெண்டு பத்திக்கு மேல எதுவும் இருக்காது, அதுல ஏதாவது ஒரு ஊர்ப்பேரோட ஒரு விசயம் கண்ணுல பட்டா அதை ஒரு நோட்டுல எழுதி வச்சு, அது கடைசியில என்னாச்சுனு முடிவு தெரியிற வரைக்கும் விடாம பின்னாடியே போறது. ஊர்ப்பேரு, தேதி, என்ன கேட்டாங்க, யார்கிட்ட கேட்டாங்க, என்ன பதில் வந்துச்சு. அவ்வளவுதான். பெரிய பக்கத்து நியூஸ் ஆரம்பத்தைத்தான் சொல்லுது, அறிவிப்பு, சண்டை, கைது, இதெல்லாம் ஆரம்பம். முடிவு வர்றப்ப கேமரா வேற எங்கயோ போயிருக்கும். ஆரம்பத்தை மட்டுமே வாழ்நாள் பூரா பார்த்துக்கிட்டு இருந்தா எவனுக்கா இருந்தாலும் நம்பிக்கை போயிரும்.

இதை நான் சரியா கத்துக்கிட்டது அரிட்டாபட்டி விசயத்துலதான். எங்க அம்மா ஊரு மேலூர் பக்கம், அதனால இது எனக்குத் தூரத்து நியூஸ் இல்ல.

அரிட்டாபட்டி தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடுறேன். மதுரையில இருந்து மேலூர் போற வழியில, சுத்தி ஏழு மலை இருக்கிற ஊரு. மலையில சமணர் படுக்கை இருக்கு, ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல பழசான தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு இருக்கு, பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயில் இருக்கு, அதுல லகுலீசர்ங்கிற சிவ வடிவத்தோட சிற்பம், இது தமிழ்நாட்டுல ரொம்ப அபூர்வம். லகுடு வல்லூறு, ஷாகீன் வல்லூறு, ராசாளினு வேட்டைப் பறவைங்க அந்தப் பாறையில கூடு கட்டும், தேவாங்கு இருக்கு, எறும்புத்தின்னி இருக்கு. மலையில இறங்குற தண்ணி ஊத்து ஊத்தா வந்து கண்மாய் கண்மாயா நிறையும். 2022 நவம்பர் 22 அன்னைக்கு தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா இதை அறிவிச்சாங்க, பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர் சொச்சம்.

அதுக்கு ரெண்டு வருசம் கழிச்சு, 2024 நவம்பர்ல, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக்குனு ஒரு பேரு நியூஸ்ல வந்துச்சு, அதாவது டங்ஸ்டன்ங்கிற உலோகத்தைத் தோண்டி எடுக்கக் குறிச்ச இடம். ஒன்றிய அரசு விட்ட ஏலத்துல வேதாந்தா குழுமத்தோட ஹிந்துஸ்தான் ஸிங்க் அந்த இடத்தை எடுத்திருக்குனு. மொத்தம் 2,015.51 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய அஞ்சாயிரம் ஏக்கர், அந்தப் பாரம்பரியத் தலமும் அதுக்குள்ளயே வருது. அரிட்டாபட்டி, வல்லாளபட்டி, தெற்குத்தெரு, கிடாரிப்பட்டி, எட்டிமங்கலம்னு வரிசையா நான் சின்னப்புள்ளையில பஸ்ல போறப்ப கேட்டு வளர்ந்த ஊர்ப்பேருங்க எல்லாம் அந்த மேப்புக்குள்ள.

மேலூர்க்காரங்களுக்கு மலை போனா என்ன ஆகும்னு யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல. கிரானைட் குவாரி மேலூர் தாலுகாவுல என்ன பண்ணிட்டுப் போச்சுங்கிறதை அவங்க கண்ணால பார்த்தவங்க, அதுக்காக 2014-ல ஐகோர்ட்டு சகாயம் ஐஏஎஸ்ஸை நியமிச்சு விசாரிக்க வச்சது வரைக்கும் போன விசயம். கண்மாய்க்குப் போற ஓடையை மறிச்சு கல்லைப் போட்டா கீழ நெல்லு என்ன ஆகும், பெரியாறு தண்ணி ஒரு போகத்துக்குத்தான் வருதுங்கிற ஊர்ல கண்மாய்த் தண்ணியும் போச்சுன்னா மிச்சம் என்ன, இது அங்க எல்லா வீட்டுலயும் தெரியும்.

அப்புறம் நடந்ததைத்தான் நான் தேதி தேதியா நோட்டுல எழுதினேன். நவம்பர் 1-ல நடந்திருக்க வேண்டிய கிராம சபை அந்த வருசம் தீபாவளியால தள்ளிப் போய் நவம்பர் 23-ல நடந்துச்சு. அந்தக் கூட்டத்துல ஊர் ஊரா டங்ஸ்டன் சுரங்கம் வேணாம்னு தீர்மானம் போட்டாங்க. டிசம்பர் 9 சட்டசபையில ஒருமனதா தீர்மானம். இதுக்கு நடுவுல டிவியில ஓடினது என்னன்னா, மாநில அரசு முன்னாடியே எதிர்ப்பு சொல்லுச்சா இல்லையா, லெட்டர் யார் எழுதினா, ஏலத்தப்ப ஏன் பேசலைனு ஒன்றியமும் மாநிலமும் மாத்தி மாத்திக் குத்தம் சொல்லிக்கிட்டது. அதைப் பார்த்துக்கிட்டு இருந்தா எனக்கு வெறுப்புதான் வந்திருக்கும். ஆனா ஊர்ல எங்க பெரியம்மா ஃபோன்ல பேசுறப்ப அந்தச் சண்டையைப் பத்திப் பேசவே மாட்டாங்க. "நாளைக்கு மந்தையில கூட்டம் ஏத்தா, வீட்டுக்கு ஒரு ஆளு வரணும்னு சொல்லியிருக்காக"ங்கிறதுதான் அவங்க நியூஸ்.

டிசம்பர் கடைசியில ஒன்னு நடந்துச்சு, அது எனக்கு ரொம்ப முக்கியமா படுது. ஒன்றிய அரசு, பல்லுயிர்த் தலத்தை மட்டும் விட்டுட்டு பிளாக்கோட எல்லையை மறுபடி பார்க்கச் சொல்லி புவியியல் ஆய்வுத் துறைகிட்ட கேட்டிருக்கோம்னு சொல்லுச்சு. வெளியூர்ல இருக்கிற என்னை மாதிரி ஆளுங்க நிறைய பேரு "சரி, ஜெயிச்சாச்சு"னு நினைச்சோம். பறவை பிழைச்சிருச்சு, கல்வெட்டு பிழைச்சிருச்சுனு. ஊர்க்காரங்க அதை ஏத்துக்கல. முழுசா ரத்து பண்ணணும்னாங்க, ஏன்னா மலையை விட்டுட்டு மலைக்குக் கீழ இருக்கிற வயலையும் வீட்டையும் தோண்டினா அது என்ன ரத்துனு. பாதி கிடைச்சப்ப மீதிக்காக நிக்கிறதுதான் எந்தப் போராட்டத்துலயும் கஷ்டமான இடம், அங்கதான் நிறைய போராட்டம் கரைஞ்சு போகும், அந்த இடத்துல அவங்க நின்னாங்க.

2025 ஜனவரி 7. மேலூர்ல கடையெல்லாம் அடைச்சுட்டு, நரசிங்கம்பட்டியில இருந்து மதுரை தல்லாகுளம் தலைமைத் தபால் ஆபீஸ் வரைக்கும் ஆயிரக்கணக்குல ஜனங்க கிளம்பினாங்க. நடந்தவங்க நடந்தாங்க, ட்ராக்டர்ல வந்தவங்க வந்தாங்க, வயசான பொம்பளைங்க, ஸ்கூல் புள்ளைங்க, கோர்ட்டுல இருந்து வக்கீலுங்க, எல்லாரும். இதுல ஒன்னு கவனிச்சேன். அதுக்கு ரெண்டே நாள் முன்னாடி, ஜனவரி 5-ஆம் தேதியோட, 2019 டிசம்பர்ல தேர்ந்தெடுத்த பஞ்சாயத்துத் தலைவருங்க எல்லாருக்கும் பதவிக்காலம் முடிஞ்சு போச்சு. அதாவது நவம்பர்ல தீர்மானம் போட்டப்ப அந்தக் கிராமங்களுக்குத் தலைவர் இருந்தாங்க, ஜனவரியில நடந்தப்ப இல்ல. ஆனாலும் நடந்தாங்க. ஆயிரக்கணக்கான பேரு மேல கேஸ் போட்டாங்க. ஜனவரி 22 ஊர்ப் பிரதிநிதிங்க டெல்லி போய் சுரங்கத்துறை அமைச்சரைப் பார்த்தாங்க, மறுநாள் 23-ஆம் தேதி ஏலமே ரத்துனு அறிவிப்பு வந்துச்சு. அப்புறம் அந்தக் கேஸையும் மாநில அரசு வாபஸ் வாங்குச்சு.

ரத்து ஆன அன்னைக்கு எல்லாக் கட்சியும் எங்களாலதான் வந்துச்சுனு சொன்னாங்க. சொல்லிட்டுப் போகட்டும். என் நோட்டுல இருக்கிறது நவம்பர் 23-ல கையெழுத்துப் போட்ட கிராம சபைங்க.

இதை இவ்வளவு சந்தோசமா எழுதுறப்ப இன்னொன்னையும் எழுதாம விட்டா அது நேர்மை ஆகாது. அதே மேலூர் தாலுகாவுலதான் மேலவளவும் இருக்கு. 1996-ல பஞ்சாயத்துத் தேர்தல் வந்தப்ப தலைவர் பதவியைப் பட்டியல் சாதிக்கு ஒதுக்கினதுக்காக அங்க தேர்தலையே நடத்த விடல, வாக்குப்பெட்டியைத் தூக்கிட்டுப் போனாங்க, அதையும் தாண்டி ஜெயிச்ச முருகேசனை 1997 ஜூன் 30 அன்னைக்கு, கலெக்டர் ஆபீஸ் போயிட்டு பஸ்ல திரும்பி வர்றப்ப, கூட இருந்தவங்களோட சேர்த்து வெட்டிக் கொன்னாங்க. அந்தக் கேஸ்ல ஆயுள் தண்டனையில இருந்த 13 பேரை 2019 நவம்பர்ல முன்கூட்டியே விடுதலையும் பண்ணிட்டாங்க. ஊர்க் கூட்டம்ங்கிறது மலையையும் காப்பாத்தும், ஒரு மனுசனை நாற்காலியில உக்கார விடாமலும் பண்ணும். ரெண்டும் எங்க பக்கத்துலயே நடந்திருக்கு.

அரிட்டாபட்டி ஜெயிச்ச அதே 2025 ஜனவரியிலதான் வேங்கைவயல் கேஸ்ல குற்றப்பத்திரிகை தாக்கல் ஆச்சு. 2022 டிசம்பர்ல புதுக்கோட்டை மாவட்டத்துல பட்டியல் சாதி மக்கள் குடிக்கிற தண்ணி டேங்க்ல மலத்தைக் கலந்த அந்தக் கொடுமைக்கு, ரெண்டு வருசம் விசாரிச்சுட்டு சிபிசிஐடி அதே குடியிருப்புல இருக்கிற மூணு பேரைத்தான் குற்றம் சாட்டுச்சு. அந்த ஜனங்க அதை ஏத்துக்கல. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. அதுவும் என் நோட்டுல இருக்கு, நான் நல்லது மட்டும் பொறுக்கி எழுதி வச்சா அந்த நோட்டை நானே நம்ப மாட்டேன்.

ஆனா மேலவளவு பேரை எழுதினா அதுக்குக் கீழ பாப்பாபட்டியையும் எழுதணும். உசிலம்பட்டி பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், அப்புறம் விருதுநகர் மாவட்டத்துல கொட்டக்காச்சியேந்தல். இந்த நாலு ஊர்லயும் தலைவர் பதவி ஒதுக்கீடு ஆனதால 1996-ல இருந்து பத்து வருசம் தேர்தலே உருப்படியா நடக்கல. அறிவிப்பு வரும், யாரும் மனு போட மாட்டாங்க, போட விட மாட்டாங்க, இல்லைனா ஒருத்தரை நிக்க வச்சு ஜெயிச்ச உடனே ராஜினாமா பண்ண வச்சிருவாங்க. என் ஸ்கூல் காலத்துல இந்த நாலு ஊர்ப்பேரும் பேப்பர்ல வர்றது வாடிக்கை, "மறுபடியும் தேர்தல் நடக்கல"னு. அவ்வளவு தூரம் அது பழகிப் போய், இனி இது இப்படித்தான்னு எங்க வீட்டுல பெரியவங்களே சொல்லிட்டாங்க. 2006-ல உதயசந்திரன் மதுரை கலெக்டரா இருந்தப்ப அதிகாரிங்க அந்த ஊருக்குள்ள திரும்பத் திரும்பப் போய் உக்காந்து பேசி, அந்த அக்டோபர்ல தேர்தல் நடந்துச்சு, தலைவருங்க பதவியிலயும் இருந்தாங்க. 2021 அக்டோபர் 2 அன்னைக்கு முதல்வர் ஸ்டாலின் கிராம சபைக்குப் போனது அதே பாப்பாபட்டிக்குத்தான்.

பாப்பாபட்டியில சாதி ஒழிஞ்சு போச்சுனு நான் சொல்ல வரல. பத்து வருசம் முடியாதுனு எல்லாரும் சொன்ன ஒரு தேர்தல் நடந்துச்சு, எப்படி நடந்துச்சுனா ஆளு போய் உக்காந்து பேசினதால நடந்துச்சு. 2020 ஆகஸ்ட் 15-க்கு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்துல பட்டியல் சாதியைச் சேர்ந்த தலைவி ஒருத்தங்களைக் கொடி ஏத்த விடல, அது பெரிய நியூஸ் ஆச்சு, எல்லாரும் கோவப்பட்டோம், ஷேர் பண்ணோம். சில நாள்லயே கலெக்டர் அந்த ஊருக்கே போய் நின்னு அதே தலைவியைக் கொடி ஏத்த வச்சாங்க. முதல் செய்தியைப் பார்த்தவங்கள்ல எத்தனை பேரு ரெண்டாவது செய்தியைப் பார்த்திருப்பாங்க? அதுக்கப்புறமும் இந்த மாதிரி வேற ஊர்ல நடந்துச்சு, கடலூர் மாவட்டத்துல ஒரு தலைவியைக் கூட்டத்துல தரையில உக்கார வச்ச போட்டோ அதே வருசம் வந்துச்சு. ஆனா ஆத்துப்பாக்கத்துல என்ன பண்ணி சரி பண்ணாங்கனு தெரிஞ்சா, அடுத்த ஊர்ல நடக்குறப்ப "அங்க கலெக்டர் வந்தாங்கல்ல, இங்க ஏன் வரல"னு கேக்கலாம். அது தெரியாம எதை வச்சு கேக்குறது.

இது மாதிரி போராட்டம் எதுவும் இல்லாத கதைங்களும் உண்டு. எனக்கு ரொம்ப புடிச்சது ஓடந்துறை. மேட்டுப்பாளையம் பக்கத்துல சின்ன பஞ்சாயத்து. 1996-ல தலைவரா வந்த சண்முகம் பத்து வருசம் இருந்தாரு. குடிதண்ணி, தெருவிளக்குனு வசதி பண்ணப் பண்ண கரண்டு பில்லு ஏறிக்கிட்டே போகும், இது எல்லா பஞ்சாயத்துக்கும் இருக்கிற தலைவலி. அவங்க பண்ணது, 2006-ல பஞ்சாயத்து பேர்லயே ஒரு காற்றாலை வாங்கிட்டாங்க. 350 கிலோவாட், விலை 1.55 கோடி. பஞ்சாயத்து சேமிச்சு வச்சிருந்த பணம் 40 லட்சம், மீதிக்கு பேங்க்ல லோன். அந்தக் காத்தாடி ஓடுறதுல வர்ற கரண்டுல பஞ்சாயத்துத் தேவை போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு வித்து அதுல லோனைக் கட்டினாங்க. ஒரு கிராம பஞ்சாயத்து லோன் எடுத்து சொத்து வாங்கி அதுல வருமானம் பார்க்கலாம்னு நான் அதுக்கு முன்னாடி யோசிச்சதே இல்ல. பஞ்சாயத்துனா மேல இருந்து வர்ற நிதிக்குக் கை நீட்டி நிக்கிற இடம்னுதான் எனக்கும் மனசுல பதிஞ்சு கிடந்துச்சு. தமிழ்நாட்டுல பன்னெண்டாயிரத்துச் சொச்சம் கிராம பஞ்சாயத்து இருக்கு, அத்தனையும் காத்தாடி வாங்க முடியாது, காத்து வேணும், சேமிப்பு வேணும், தலைவர் ஒருத்தரு தொடர்ந்து இருந்திருக்கணும். ஆனா கணக்கு வழக்கை இப்படியும் பார்க்கலாம்னு ஒரு ஊரு காட்டியிருக்கு.

தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணி கதை இன்னும் கிட்டத்துல நடந்தது. 2018 நவம்பர் 16 கஜா புயல் அந்தப் பக்கத்துத் தென்னையை எல்லாம் படுக்க வச்சுட்டுப் போச்சு. தென்னை ஒரு தலைமுறைப் பயிரு, விழுந்தா மறுபடி காய்க்க வருசக்கணக்காகும். அந்த நேரத்துல வெளியூர்ல வெளிநாட்டுல வேலை பார்த்த பசங்க சில பேரு ஊருக்குத் திரும்பி வந்து, கல்லணைக் கால்வாயோட கடைமடையில இருக்கிற தங்களுக்கு ஆத்துத் தண்ணி ஒழுங்கா வர்றதே இல்ல, அப்ப குளத்தையாவது காப்பாத்துவோம்னு 2019-ல பேராவூரணி பெரியகுளத்தைத் தூர்வார இறங்கினாங்க. ஊர்க்காரங்ககிட்ட காசு வசூல் பண்ணி, 564 ஏக்கர் குளம். கைஃபானு ஒரு விவசாயிகள் சங்கமா சேர்ந்து அதுக்கப்புறம் பக்கத்து ஊர்க் குளங்களுக்கும் போனாங்க. புயல் வந்தப்ப எல்லா சேனலும் அந்தப் பக்கம்தான் இருந்துச்சு.

யா.கொடிக்குளம் ஆயி பூரணம் அம்மா பேரை உங்கள்ல நிறைய பேரு கேள்விப்பட்டிருப்பீங்க. மதுரை ஒத்தக்கடை பக்கம், பேங்க்ல வேலை பார்க்கிறவங்க, இறந்து போன மக ஜனனி நினைவா 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை 2024 ஜனவரியில அரசுப் பள்ளிக்கு எழுதிக் குடுத்தாங்க, கோடிக்கணக்குல பெறுமான நிலம். அந்தக் குடியரசு தினத்துல முதல்வர் அவங்களைக் கௌரவிச்சாரு. எனக்கு அவங்களை நினைச்சா கண்ணு கலங்கும். அதோட இன்னொன்னும் தோணும், அவங்க எதுக்காகக் குடுத்தாங்கங்கிறது அவ்வளவா பேசப்படல. அங்க இருந்த நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியா ஆக்கணும், அதுக்கு இடம் வேணும்னுதான் குடுத்தாங்க. எட்டாவது முடிச்ச பொம்பளப் புள்ள ஒன்பதாவதுக்கு வெளியூர் போகணும்னா பல வீட்டுல அதோட படிப்பை நிறுத்திருவாங்க, எங்க சித்தி படிப்பு அப்படித்தான் நின்னுச்சு. அந்த நிலம் அங்க போய் முட்டுது. அதனால அந்த அம்மாவைப் புகழ்ந்தா மட்டும் போதாது, நம்ம ஊர் நடுநிலைப் பள்ளிக்கு இடம் இல்லாமத்தான் தரம் உயராம நிக்குதானு போய்க் கேக்கணும்னு எனக்குத் தோணுச்சு.

அப்படித்தான் நான் கிராம சபைக்குப் போக ஆரம்பிச்சேன். சென்னையில வேலை, ஆனா ஓட்டு இன்னும் ஊர்லதான், மாத்தல. வருசத்துக்கு ஆறு தடவை நடக்கணும், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊர் ஜனத்தொகையைப் பொறுத்து குறைஞ்சபட்சம் இத்தனை பேரு இருந்தாத்தான் கூட்டம் செல்லும், 501-ல இருந்து 3,000 பேரு வரைக்கும் இருக்கிற ஊருன்னா 100 பேரு வரணும். எங்க ஊரு அந்தக் கணக்குல வரும். பஞ்சாயத்தோட வரவு செலவை அங்க படிக்கணும், யாருக்கு வீடு, யாருக்கு எதுங்கிற பயனாளி லிஸ்ட்டு அங்க வரணும்.

தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாம தனி அலுவலர் பார்க்கிற காலம் இது, அதை நினைச்சா எனக்குக் கோவம்தான் வருது. 2016 அக்டோபர்ல முடிஞ்ச பதவிக்கு 2019 டிசம்பர்லதான் தேர்தல் வச்சாங்க, அதுவும் முதல்ல 27 மாவட்டத்துக்குத்தான், மீதி மாவட்டத்துக்கு 2021 அக்டோபர். இப்ப மறுபடியும் அதே கதை. எந்தக் கட்சி ஆட்சியில இருந்தாலும் உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப் போடுறதுல மட்டும் ஒத்துமையா இருக்காங்க. கூட்டணிக்கு எத்தனை சீட்டுனு ஒரு மணி நேரம் பேசுற டிபேட்ல இதுக்கு அஞ்சு நிமிசம் கூட ஒதுக்குறதில்ல.

போன ஆகஸ்ட் 15 கூட்டத்துக்கு எங்க அத்தையோட போனேன். பள்ளிக்கூடத்து மரத்தடியில சேர் போட்டிருந்தாங்க. ஆரம்பத்துல கூட்டம் ரொம்ப கம்மி, 100 நாள் வேலை செய்ற பொம்பளைங்க வந்த பிறகுதான் நிறைஞ்சுச்சு. அதிகாரி ஒருத்தரு வேகமா தீர்மானத்தை வாசிச்சுக்கிட்டே போனாரு, டெங்கு தடுப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, மழைநீர் சேகரிப்புனு மேல இருந்து வந்த லிஸ்ட்டு. கையெழுத்து நோட்டு ஒரு பக்கம் சுத்திக்கிட்டு இருக்கு. அப்ப பின்னாடி இருந்து ஒரு அக்கா எந்திரிச்சு, "சார், புதுசு வாசிக்கிறது இருக்கட்டும், மே மாசம் எழுதினீங்கள்ல, அந்த நோட்டை எடுத்துப் படிங்க, என்னென்ன ஆச்சுனு கேப்போம்"னாங்க. அவரு கொஞ்சம் தயங்கினாரு. அத்தையும் சேர்ந்துக்கிட்டாங்க, "அவ கேக்குறது நியாயந்தானுங்களே சார், படிங்க." அப்புறம் நாலு பக்கமும் குரல் வந்துச்சு. அவரு நோட்டைப் புரட்டிப் படிச்சாரு.

படிக்கப் படிக்க ஒவ்வொன்னுக்கும் ஜனங்களே பதில் சொன்னாங்க. காலனித் தெருவுக்குத் தனிக் குழாய், போட்டாச்சு, ஆனா தண்ணி ஏற மாட்டேங்குது. ரெண்டு தெருவிளக்கு, ஒன்னு எரியுது. அங்கன்வாடிக்கு கக்கூஸ், வேலையே ஆரம்பிக்கல. நூலகம் திறக்குற நேரம், அது இப்ப சரியாயிருச்சு, சாயங்காலம் திறக்குறாங்க, பசங்க போறாங்க. அதிகாரி கடைசியில அங்கன்வாடி வேலைக்கு எஸ்டிமேட் எந்த மேசையில நிக்குதுனு ஃபோன் போட்டுக் கேட்டு அங்கயே சொன்னாரு. அவரு மேல எனக்கு மரியாதை வந்துச்சு, அவருக்கு இருக்கிற பஞ்சாயத்துங்க எண்ணிக்கைக்கு இதெல்லாம் ஞாபகம் வச்சுக்கிறது லேசுப்பட்ட வேலை இல்ல.

திரும்பி நடந்து வர்றப்ப அத்தைகிட்ட அந்த அக்காவைப் பத்திக் கேட்டேன். அத்தை சொன்னாங்க, "டங்ஸ்டனுக்கு மதுர வரைக்கும் நடந்து போனவ அவ. அதுக்கு முந்தி கூட்டத்துல ஒரு வார்த்த பேசினவ இல்ல."

அதைக் கேட்டு ரோட்டுலயே நின்னுட்டேன். ஒரு போராட்டம் ஜெயிச்சா மலை மிச்சம், அது எல்லாருக்கும் தெரியுது. அதுல நடந்து போன ஒரு ஆளு அப்புறம் அங்கன்வாடி கக்கூஸைப் பத்திக் கேக்குற ஆளா மாறுறது எந்த நியூஸ்லயும் வராது, மாவட்டப் பக்கத்துல கூட வராது. எங்க ஊர்ல இந்த ஒரு அக்கா. பக்கத்து ஊருங்கள்ல எத்தனை பேரு இப்படிக் கிளம்பியிருப்பாங்கனு நினைச்சாலே எனக்கு மனசு நிறைஞ்சு போகுது.

இப்பவும் நைட்டு டிவியில சண்டை ஓடும்போது அப்பாகூட உக்காந்து பார்க்கிறேன், சோர்வு வரத்தான் செய்யுது, யாரு ஜெயிப்பா யாரு தோப்பாங்கிறதும் எனக்கு முக்கியம்தான், ஒரு சட்டம் மாறினா அத்தையோட கூலி மாறுது. ஆனா டிவியை அணைச்சுட்டு நோட்டை எடுத்தா கேக்குறதுக்கு வேலை இருக்கு. அடுத்து ஜனவரி 26-க்கு ஊருக்கு டிக்கெட் போட்டாச்சு. காலனிக் குழாய்ல தண்ணி ஏறாததுக்கு மோட்டார் பவர் பத்தலையா இல்ல பைப்பு சின்னதானு பிளம்பர் தம்பி ஒருத்தரை அதுக்கு முன்னாடியே கூட்டிட்டுப் போய்ப் பார்த்து வைக்கச் சொல்லியிருக்கேன். அங்கன்வாடி எஸ்டிமேட் யூனியன் ஆபீஸ்ல இருந்து நகர்ந்துச்சானு அத்தை விசாரிக்கிறதா சொல்லியிருக்காங்க. நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியா தரம் உயர்த்தக் கேட்டு ஒரு தீர்மானம் இந்தத் தடவை புதுசா எழுதணும், அதுக்கு எந்த இடம் குடுக்க முடியும், புறம்போக்கு எங்க இருக்குனு அந்த அக்காதான் தலையாரிகிட்ட கேட்டுக்கிட்டு இருக்காங்க.